அத்தான் லீவில் வந்த வருடம்

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை வருடமாகப் பெயிண்ட் பிரஷ்ஷையும் சுவருக்குப் பட்டி பூசி இழுக்கும் தகட்டையும் பிடித்த கை. பேனாவைக் கொடுத்தால் வரி கீழே சரிந்துகொண்டே போகிறது. பிழைகளும் இருக்கும். எந்த ர, எந்த ற என்பதில் எனக்கு இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நம் நண்பர், டைப் அடிக்கும்போது எல்லாவற்றையும் சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறார். பிழையை மட்டும் திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நெரவி பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவர்கள் ஆளுக்கு ஒரு ஞாபகம் எழுதித் தர வேண்டும், சேர்த்துக் கட்டிப் புத்தகமாக வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னபோது, நீங்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பி, “பிரான்சு எழுதட்டும் மொதல்ல” என்றீர்கள். சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பேரன் பிறந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அது எப்படி வந்தது என்று உங்களில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். அதனால் அதையே எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு ஒரே அக்கா. அந்த அத்தையைக் காரைக்கால் டவுனில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தை புருஷனான மாமா பின்னாளில் சொல்தா ஆனவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைத்தான் சொல்தா என்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் படித்தால் விளங்கட்டும் என்று எழுதுகிறேன். கல்யாணம் நடந்த காலத்தில் இரண்டு வீடும் கூரை வீடுதான். மாமா பட்டாளத்துக்குப் போனார். என் தாத்தா குத்தகை நிலத்திலேயே நின்றார். அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் வீட்டில் மச்சு எழும்பியது, மேஜை நாற்காலி வந்தது, பிரான்சு பென்ஷன் வந்தது, காலையில் சைக்கிள்காரன் வாசலில் ரொட்டி கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் வீட்டில் மழைக்கு ஒழுகுகிற இடம் மட்டும் வருடா வருடம் மாறியது.

அத்தையின் மகன் எனக்கு அத்தான். பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுப் பிரஜை. பாரிசில் வேலை பார்த்தார். அவர் அனுப்பிய போட்டோ ஒன்று எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. கோட்டு, டை, பின்னால் ஒரு சிவப்புக் கார், காரின் மேல் ஒரு கை. “பெரிய ஆபீஸ்ல இருக்கான்” என்று மாமா சொன்னார். என்ன ஆபீஸ் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

என் அக்கா அவருக்கு முறைப்பெண். அவள் பெரியவளானபோது அத்தைதான் முதல் நலுங்கு வைத்து, “எம் மருமவ மேல வேற எவனும் கண்ணு வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்று கூடியிருந்தவர்கள் முன்னால் சொன்னாள். அன்றிலிருந்து அக்கா வயலில் குனிந்து நாற்று நட்டாலும் மற்ற பெண்கள் அவளை “பாரீசுக்காரி” என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. கோபப்படுகிற மாதிரி சேற்றை வாரி அடிப்பாள், ஆனால் முகம் கோபமாக இருக்காது. வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தப் போட்டோவின் கண்ணாடியைத் தாவணியால் துடைப்பாள். துடைத்த பிறகும் அங்கேயே நிற்பாள்.

நாம் ஐந்தாவது முடித்த அந்த வருடம், அத்தான் லீவில் வருகிறார், வந்தால் கல்யாணப் பேச்சை முடித்துவிடலாம் என்று சேதி வந்தது.

அம்மா அக்காவை வயலுக்குப் போகக் கூடாது என்று நிறுத்தினாள். அவள் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மருதாணியை அரைத்து அப்பி, காலை ஒரு பலகை மேல் தூக்கி வைத்து உட்கார வைத்தாள். சாயங்காலத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த மதாமிடம் அனுப்பினாள். மதாம் வெள்ளைக்காரி இல்லை. நம் ஊர்க்காரிதான். புருஷன் சொல்தாவாக இருந்து செத்துப்போனதால் அந்தப் பட்டம். அவளிடம் இரண்டு முள்கரண்டி இருந்தது. பப்பாளிப் பழத்தை நறுக்கித் தட்டில் போட்டு அக்காவுக்குப் பாடம் நடத்துவாள்.

“முழங்கைய மேசையில ஊனாதடி. மாடு தொட்டியில வாய வைக்கிற மாரி ஏன் குனியிற? நிமிரு.”

“அம்மாடி! இத்தனையும் பாத்துக்கிட்டு எப்பதான் திங்கிறது?”

“அங்க யாருடி திங்கிறதுக்கு உக்கார்றா? பேசுறதுக்கு உக்காருவாங்க.”

“பேசுறதுக்கு எனக்கு என்னா தெரியும்?”

“நன்றிக்கு மெர்சின்னு சொல்லு. எல்லாத்துக்கும் மெர்சி. அடி குடுத்தாலும் மெர்சி.”

பப்பாளித் துண்டு வழுக்கி என் மேல் விழும். நான் எடுத்துத் தின்பேன். அந்த மாதம் நான் நிறையப் பப்பாளி தின்றேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. உங்களையெல்லாம் ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். அப்பா என்னைச் சேர்க்கவில்லை. ஹெட்மாஸ்டர் வழியில் பார்த்து, “பையன ஏன் இன்னும் சேக்கல?” என்று கேட்டார். நான் அப்பாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

“அவன் மச்சானோட பிரான்சு போறான் சார். அக்காவ அழைச்சிட்டுப் போறப்ப இவனையும் சேத்து அழைச்சிக்குவாங்க. இங்க படிச்சது அங்க செல்லாதாமே.”

“யாரு சொன்னா?”

“சொன்னாங்க சார்.”

யாரும் சொல்லவில்லை. அத்தான் அப்படி ஒரு வார்த்தை எழுதியதும் இல்லை. சாராயக் கடையில் யாரோ விளையாட்டாகச் சொன்னதை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார், வரும் வழியிலேயே அது முடிவாகிவிட்டது. ஹெட்மாஸ்டர் சிரித்து, “அப்ப எனக்கு ஒரு சென்ட் பாட்டில் அனுப்பிவைடா பிரான்சு” என்றார். உங்களில் யாரோ அதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் பையை மாட்டிக்கொண்டு போகும்போது நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்து கை காட்டுவேன். ஒருவன் பொறாமையில் கல்லை எடுத்து எறிந்தான். யார் என்று தெரியும். எழுதவில்லை.

அத்தான் வந்தார். போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி. எங்கள் வீட்டு வாசலில் குனிந்து நுழைந்து, நாற்காலி கேட்காமல் தரையில் உட்கார்ந்தார். அம்மா பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்கு நாற்காலி வாங்க ஓடினாள். அது வரும்வரை அவர் கூரையைப் பார்த்து, “இந்த வாசனை அங்க கெடையாது மாமா” என்று அப்பாவிடம் சொன்னார். ஈரக் கூரையின் முடை நாற்றத்தைத்தான் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் கொடுத்த வட்டமான பால்கட்டி டப்பாவை யாரும் திறக்கவில்லை. போட்டோவுக்குக் கீழே வைத்தோம். கொஞ்ச நாளில் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. அது பிரான்சு வாடை என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மாங்கனித் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அத்தை எங்கள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். மேஜையில் தட்டு, முள்கரண்டி, மடித்த துணி. அக்கா பாதங்களை நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். புண் ஆறவில்லை.

அத்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கொடுவா மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றி, பிசைந்து, புறங்கையில் வழிந்ததை நக்கி, பல நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி சாப்பிட்டார். எதிரில் அக்கா முள்கரண்டியால் சோற்றைத் துரத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். முழங்கை மேஜையில் படவில்லை.

“கையால சாப்புடு புள்ள. மீனு முள்ளு” என்றார் அத்தான்.

“பரவால்ல அத்தான். எனக்கு இதான் பழக்கம்.”

அம்மா சுவரைப் பார்த்தாள். மாமா, “பாத்தியாடா! நெரவியே மாறிப்போச்சு” என்று சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. தன் கையைப் பார்த்தார். அதற்கப்புறம் குழம்பை நக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்காவுக்குத் தொண்டையில் முள் சிக்கிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. வாயைத் திறக்காமல் தண்ணீராகக் குடித்துத் தள்ளினாள். ஒரு உருண்டை வெறும் சோறு விழுங்கியிருந்தால் போயிருக்கும். கரண்டியால் உருண்டை பிடிக்க முடியாதே.

சாப்பிட்டு முடித்ததும் அத்தான் எழுந்தார். ஒரு தட்டை விரல்களுக்கு இடையில் செருகி, அடுத்ததை மணிக்கட்டில் நிறுத்தி, இன்னொன்றை முழங்கைக்கு மேல் சாய்த்து, ஒரே கையில் எல்லோருடைய தட்டையும் அடுக்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினார். ஒரு சத்தம் இல்லை. நான் கைதட்டினேன். எங்களுக்கு அது பாரிசு வித்தை. ஓட்டலில் எச்சில் தட்டு எடுத்துப் பழகிய கை அது என்று இப்போது தெரியும். அப்போது அத்தைக்கும் மாமாவுக்கும்கூடத் தெரியாது.

அக்கா துள்ளி எழுந்தாள். “ஐயோ அத்தான், எச்சித்தட்ட நீங்க தூக்குறதா? ஒரு ஆபீசரு!” என்று பிடுங்கப் போனாள். நீல ஓரம் போட்ட பீங்கான் தட்டு ஒன்று விழுந்து உடைந்தது.

“போவுது விடு, கழுதய” என்று அத்தை சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் அக்காவும் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். நான் மேஜைக்கு அடியில் புகுந்து நானும் பொறுக்கினேன். அவர் விரல் இடுக்குகளில் தோல் ஊறி வெளுத்து உரிந்திருந்தது. பக்கத்தில் அக்காவின் கால் விரல்களும் அப்படியே. குளிர் தேசத்தில் கை அப்படித்தான் ஆகும் என்று அம்மா பிறகு விளக்கம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அரசலாற்றுக் கரையோடு கடலுக்கு நடந்தோம். பெரியவர்கள் பின்னால் மெதுவாக வந்தார்கள். நான் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்தேன். அக்கா கனகாம்பரம் வைத்திருந்தாள்.

“அங்க வந்தா நீ என்னா செய்வ புள்ள?” என்று கேட்டார்.

“என்னா செய்வேன்... உங்க சட்டைய அயன் பண்ணித் தருவேன். ஆபீசுக்கு டிபன் கட்டித் தருவேன். நீங்க கார்ல ஏறிப் போறத மாடியில நின்னு பாப்பேன்.”

“காரு எல்லார்கிட்டயும் இருக்காது.”

“உங்ககிட்ட இருக்கே.”

அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார், வலித்தது.

“ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நான் ஆபீசருல்லாம் இல்ல, கூலி வேலதான் பாக்குறேன்னு வச்சிக்க. அப்ப?”

அக்கா சிரித்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பாரிசுக்காரரோடு ஊரார் பார்க்க நடந்து போகிறாள். என்ன சொல்கிறோம் என்று யோசிக்கிற வேளையா அது?

“போங்க அத்தான்! கூலிக்காரனக் கட்டிக்கணும்னா நான் ஏன் உங்களுக்காவக் காத்துக் கெடக்குறேன்? நெரவியிலயே வரிசையா நிக்கிறானுவோ.”

அவரும் சிரித்தார். எங்களுக்குச் சுண்டல் வாங்கித் தந்தார். கடற்கரையில் அவள் அலைக்குப் பயந்து கத்தினாள், அவர் பார்த்துக்கொண்டே நின்றார். சந்தோஷமாக இருந்த சாயங்காலம் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

லீவு முடிவதற்கு முன்னாலேயே அத்தான் கிளம்பிப் போய்விட்டார். சொல்லிக்கொள்ள வரவில்லை. ஆபீசில் அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று அத்தை வந்து சொன்னாள். கையில் ஒரு பை ரொட்டி. அதைக் கீழே வைத்துவிட்டு, “அவனுக்கு இப்ப கல்யாணத்துல மனசு இல்லியாம்டா தம்பி. புள்ளைய வச்சிக்கிட்டுக் காத்திருக்காத. நல்ல எடமா பாரு” என்றாள். அத்தை அழுதாள். அவள் பொய்யாக அழவில்லை. அதை எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

“பணக்காரி நடிப்பு” என்று அம்மா சொன்னாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். “தட்டப் புடுங்குனியே, தட்டு! சபையில நாலு பேரு முன்னால நாட்டுப்புறம்னு காட்டிக் குடுத்துட்டியேடி. ஒரு மாசமா மதாமுகிட்ட அனுப்புனது எதுக்கு?”

தட்டுதான் காரணம் என்று அக்காவும் நம்பினாள். தன் கால், தன் பேச்சு, தன் வீட்டு வாசம் எல்லாம் அந்தத் தட்டில் சேர்ந்துகொண்டது. அவருக்குத் தான் பொருத்தமில்லை; அவ்வளவு உயரத்தில் இருப்பவர் ஒரு தடவை குனிந்து பார்த்தார், பிடிக்கவில்லை, போய்விட்டார். இதைத் தவிர வேறு மாதிரி யோசிக்க அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரமே நடவுக்குப் போனாள். பாரீசுக்காரி என்று ஒருத்தியும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

என்னை அப்போதாவது பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கலாம். அப்பாவால் ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நிற்க முடியவில்லை. “அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார். அவரைத் தவிர்ப்பதற்காக வயலுக்கு வேறு வழியாகப் போனார். அடுத்த வருடம் நான் பெயிண்டரிடம் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அக்காவைப் பக்கத்து ஊரான போலகத்தில் கட்டிக்கொடுத்தோம். மச்சான் மூட்டை தூக்குகிறவர். குடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். அவள் அவரோடு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சிரித்தும் அதிகம் பார்த்ததில்லை. அவர் சாப்பிட்டு எழுந்தால் தட்டை அவரே கழுவி வைப்பார். அவள் தடுப்பதில்லை.

போன வருடம் அத்தை வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அத்தையும் மாமாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அத்தான் ரிட்டையர் ஆகி வந்திருந்தார். முடி கொட்டிவிட்டது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, கட்டிப்பிடித்து, என் சட்டையிலிருந்த பட்டியெல்லாம் தன் மேல் ஒட்ட நின்றார். சாயங்காலம் வேலை முடிந்து ஏணியை மடக்கியபோது அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார்.

“அங்க என்னா வேலை பாத்தேன் தெரியுமாடா? ஓட்டல்ல தட்டு கழுவுனேன். அப்புறம் வெங்காயம் உரிச்சேன். கடசி வரைக்கும் அதே அடுக்களதான்.”

“அந்தக் கோட்டு, காரு?”

“கோட்டு கூட இருந்தவனோடது. காரு யாரோடதோ. ரோட்டுல நின்னுச்சு.”

அதே ஓட்டலில் படுக்கை விரிக்கிற ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டாராம். ரீயூனியன் தீவுக்காரி. முதல் நாளே தன்னை நனைந்த ஏப்ரனோடு பார்த்தவள், அதனால் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை என்றார்.

எனக்குக் கோபமாகப் பேச வராது. இருந்தாலும் கேட்டேன்: “அன்னைக்கே அக்காகிட்ட சொல்லிருக்கலாமே அத்தான்?”

“சொன்னேனே. கடலுக்குப் போறப்ப நீ என் கையப் புடிச்சிக்கிட்டுதானே வந்த.”

“அக்கா வெளையாட்டுக்குச் சொன்னிச்சு.”

“தெரியும். வெளையாட்டுக்குன்னு அன்னைக்கே தெரியும்.” டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். “அங்க என்னய யாரும் பேரு சொல்லிக்கூடக் கூப்புட மாட்டான்டா. விசில்தான். ஒலகத்துலயே அவ ஒருத்தி கண்ணுலதான் நான் ஆபீசரு. அழச்சிட்டுப் போயிருந்தா ஒரே நாள்ல அது போயிருக்கும். அதப் போக விட மனசு வரல.”

அதற்காக அவளையே விட்டது பரவாயில்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டுமா என்று மாதக்கணக்கில் யோசித்தேன். ஆயுசு முழுக்கத் தன்னை மட்டமாக நினைத்துக்கொண்டிருக்கிறாளே, அவர் ஒன்றும் உயரத்தில் இல்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். மார்கழிக் கடைசியில் போலகம் போனேன். மச்சான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் சொன்னேன். தட்டு கழுவியதைச் சொன்னேன். கடற்கரைக்குப் போன வழியில் அவர் கேட்டதையும், இவள் சொன்னதையும் சொன்னேன்.

முறம் நின்றது.

“எவன் சொன்னான் உனக்கு?”

“அத்தானே சொன்னாருக்கா.”

“அவரு அப்படித்தான் சொல்வாரு. நீ சுண்ணாம்புச் சட்டையோட நின்னுருப்ப. உன் மனசு சங்கடப்படக் கூடாதுன்னு தன்னயும் எறக்கிச் சொல்லிருப்பாரு. பெரிய மனுசங்க கொணம் உனக்கு எங்க தெரியும், அஞ்சாங்கிளாசு?”

“அக்கா, நான் அன்னைக்குப் பக்கத்துலயே...”

“நான் அப்படி ஒரு வார்த்த சொல்லவே இல்ல.”

மருமகள் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெண்ணிடம், அக்கம்பக்கத்தில், கல்யாண வீடுகளில், தனக்கு வந்த மாப்பிள்ளை பிரான்சில் ஆபீசர் என்று அவள் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளிடம் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான்.

“ஒரு ஆபீசரு என்னக் கட்டிக்க வந்தாரு. என் தலையெழுத்து, நடக்கல” என்றாள், எனக்கு இல்லை, மருமகளுக்குக் கேட்கிற மாதிரி. பிறகு உளுந்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம், “இந்தப் பொங்கலுக்கு நீ வரிசை தூக்கிக்கிட்டு வராத. உன் கையால வாங்க மாட்டேன்” என்றாள்.

அப்பா செத்த வருடத்திலிருந்து பிறந்த வீட்டுப் பொங்கல் வரிசையைக் கொண்டுபோய் வைப்பவன் நான்தான். பழக்கத்தில் நேற்றே கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையும் வாங்கிவிட்டேன். என் மனைவி, “போய்த்தான் பாருங்களேன், தொரத்தியா விடுவாங்க?” என்கிறாள். விடுவாள். எனக்கு என் அக்காவைத் தெரியும்.

போலகம் போகிற பஸ் இப்போதுதான் போயிற்று. நான் ஏறவில்லை. உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன்.

நெரவி,
தை முதல் தேதி, பொங்கலன்று காலை.